பச்சையை மடிக்காதே

பழனியப்பனிடம் ஆறு ஞாயிற்றுக்கிழமை விடுப்புக் கேட்டாள் லோகேஸ்வரி. மூன்றுதான் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று கொடுக்கப்போகிறோம் என்று பழனியப்பனுக்கும் தெரியும். இருந்தாலும் இருவரும் கால் மணி நேரம் முறையாகச் சண்டை போட்டார்கள். கிள்ளானில் சேலைக்கடை நடத்துகிற முதலாளியும் அங்கே பதினெட்டு வருடமாகச் சேலை விரிக்கிற பெண்ணும் ஒரே பேச்சில் ஒரு காரியத்தை முடித்துக்கொண்டால், பக்கத்துக் கடைக்காரர் இருவருக்கும் உடம்பு சரியில்லை என்று நினைத்துவிடுவார்.

எதற்கு விடுப்பு என்று கேட்டார். சாக்ஸபோன் வாசிக்க என்றாள். கல்யாண வீட்டிலா என்றார். இல்லை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்பிக்கடை மாடியில், ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு, ஜாஸ் என்றாள். பழனியப்பன் சற்று நேரம் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம். ஞாயிறு மதியத்தில் அந்தக் கடைக்குள் ஒருவர் தும்மினால் மூன்று பேர் மேல் படும், அவ்வளவு கூட்டம்.

"மூணு," என்றார். "மூணு ஞாயிறுல ஒண்ணும் நடக்கலன்னா அந்த வளைஞ்ச நாயனத்த மூட்ட கட்டிட்டு இங்க வந்து நிக்கணும்."

நடக்க வேண்டியது இதுதான். அந்த மாடியில் வாரந்தோறும் வாசிக்கிற நாலு பேர் குழுவில் சாக்ஸபோன்காரராக இருந்த ராதாகிருஷ்ணனுக்கு ஜொகூருக்கு வேலை மாற்றலாகிவிட்டது. குழுவின் தலைவன் கேவின் டிரம்ஸ் வாசிப்பவன், பகலில் ரயில் சிக்னல் பழுது பார்ப்பவன். இந்த மாதம் யார் வேண்டுமானாலும் ஏறி வாசிக்கலாம், மூன்றாவது ஞாயிறு முடிவில் ஒருவரை நிரந்தரமாக நிறுத்திக்கொள்வேன் என்று அறிவித்திருந்தான். லோகேஸ்வரிக்கு வயது நாற்பத்திரண்டு. கோலாலம்பூர், கிள்ளான், நடுவில் இருக்கிற ஊர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் இப்படி ஒரு இடம் காலியாவது பத்து வருடத்துக்கு ஒருமுறை.

அவள் படித்த காலத்தில் பள்ளி பேண்டில் சாக்ஸபோன் வாசித்தவள். சுதந்திர தின அணிவகுப்பில் வெயிலில் நடந்துகொண்டே வாசித்த வாய். ஐந்தாம் படிவம் முடிந்ததும் வாத்தியத்தைப் பள்ளிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். இருபத்துமூன்று வருடம் கழித்து, செராஸில் ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது தள்ளிவிட்ட பழைய அல்டோ சாக்ஸபோன் ஒன்றை வாங்கினாள். கணவர் சிவநேசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கொள்கலன் இறங்குகிற சத்தத்துக்குப் பழகிய காது என்பதால் வீட்டில் ஆட்சேபணை எதுவும் எழவில்லை.

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. நாலு மாதமாகத் திங்கள்தோறும் சுங்கை வேயில் ஷாமினியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டிருந்தாள். ஷாமினி கேவின் குழுவின் பியானோக்காரி. வயது இருபத்தேழு, லோகேஸ்வரியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் திட்டும்போது அந்த அக்காவையும் விட்டுவிடுவாள்.

ஷாமினி சொல்லிக்கொடுத்த வகைக்கு பீபாப் என்று பெயர். எண்பது வருடத்துக்கு முன் நியூயார்க்கில் கறுப்பின இசைக்காரர்கள் உண்டாக்கியது. முதலில் எல்லோரும் சேர்ந்து பாட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு மெட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதற்கு அடியில் ஓடுகிற கோர்டு வரிசையை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பியானோவில் ஒரே சமயத்தில் சேர்ந்து விழுகிற சுரங்களுக்குத்தான் கோர்டு என்று பெயர். நாலு தட்டு ஒரு பார், பன்னிரண்டு பார் ஒரு சுற்று. அந்தச் சுற்றின்மேல் ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது அந்த நிமிடத்தில் தோன்றுகிற புது மெட்டை வாசிக்க வேண்டும், அதுவும் பஸ்ஸைத் துரத்துகிறவன் வேகத்தில். எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. போன வாரம் வாசித்ததையே இந்த வாரமும் வாசித்தால் யாரும் அடிக்க மாட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அடியே தேவலை.

லோகேஸ்வரிக்குக் காது இருந்தது, விரல் இருந்தது, மூச்சு மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகமாகவே இருந்தது. நாள் முழுக்கப் பேசி விற்கிறவளுக்கு மூச்சுக்கு என்ன குறை? ஒரே ஒரு வியாதிதான். தப்பான சுரம் விழுந்தால் நின்றுவிடுவாள். பள்ளி பேண்டில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். தப்பு செய்தவள் கையைத் தூக்க வேண்டும், "ஸோரி சார்" சொல்ல வேண்டும், பிறகு நாற்பது பேரும் அவளை முறைத்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபத்து நாலு வருடம் ஆகியும் அந்தக் கை கீழே இறங்கவில்லை.

நில்லாதீங்க, போய்க்கிட்டே இருங்க என்று ஷாமினி சொல்லாத திங்கட்கிழமை இல்லை. சரி சரி என்று தலையாட்டுவாள். அடுத்த தப்பில் நிற்பாள்.

முதல் ஞாயிறு அவள் செய்த காரியம் பிரிக்பீல்ட்ஸில் இன்னும் பேசப்படுகிறது. யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில், மூன்று சுற்றுக்கான வாசிப்பை வீட்டிலேயே எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தாள். கேவின் அவள் பழகியதைவிட ஒரு மடங்கு வேகமாகத் தட்டித் தொடங்கினான். ஏழாவது பாரில் விரல் இடறியது. சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தாள், மைக்கில் தெளிவாக "ஸோரி" என்றாள், பிறகு தான் எழுதியதை முதல் சுரத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். மற்ற மூன்று பேரும் எட்டாவது பாருக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் முதல் பாரில் நின்றாள். ரயில் போனபிறகு பிளாட்பாரத்தில் கையாட்டுகிற மாதிரி இருந்தது. கேட்க வந்தவர்களில் சிலர் இது ஏதோ புதுவகை ஜாஸ் போலிருக்கிறது என்று மரியாதையாகக் கைதட்டினார்கள்.

இரண்டாவது ஞாயிறு அவள் உஷாராகிவிட்டாள். மனப்பாடம் எதுவும் இல்லை. தப்பே வராத ஐந்தாறு சுரங்களை மட்டும் பொறுக்கி எடுத்து அவற்றுக்குள்ளேயே மேலும் கீழும் நடந்தாள். ஒரு பிசகும் இல்லை. அவள் வாசித்த மூன்று சுற்றுக்குள் நாலு மேசையில் தேத்தாரே டீ ஆர்டர் கொடுத்தார்கள், பணியாளருக்குக் காதில் நன்றாகவும் விழுந்தது.

அதே நாளில் திமோத்தியும் ஏறினார். பூச்சோங்கில் பல் மருத்துவர். தங்க முலாம் பூசிய சாக்ஸபோன், அதற்கேற்ற விரல். இரண்டு நிமிடத்தில் அவர் வாசித்த சுரங்களை லோகேஸ்வரி ஒரு வாரத்துக்குப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். அவர் இறங்கியபோது அவளே எழுந்து நின்று கைதட்டினாள்.

போகும்போது கேவின் அவளை மாடிப்படியில் நிறுத்தினான். "நல்லாதான் இருந்துச்சிக்கா. ஆனா நீங்க எங்க இருந்தீங்க?" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை, அதனால்தான் குத்தியது.

கிள்ளான் திரும்புகிற ரயிலில் சாக்ஸபோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்பு செய்தால் மானம் போகிறது, செய்யாவிட்டால் ஆளே காணாமல் போகிறாள். இன்னும் ஒரு ஞாயிறுதான் பாக்கி.

சனிக்கிழமை கடை பொங்கி வழிந்தது. பதினொரு மணிவாக்கில் ஷாமினி தன் அம்மா மாதவியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அண்ணன் கல்யாணத்துக்கு அம்மாவுக்குச் சேலை. அரக்கு நிறம், கரை சின்னதாக, ஜரிகை அதிகம் மின்னக் கூடாது என்று மாதவி வரிசையாகச் சொன்னார். லோகேஸ்வரி மாப்பிள்ளைக்கு என்ன வேலை, பெண் எந்த ஊர் என்று விசாரித்தபடியே பின்னால் திரும்பி அடுக்கிலிருந்து ஒன்றை உருவினாள், முன்னால் திரும்புகிற அதே வீச்சில் மேசைமேல் விரித்தாள். விரித்த பிறகுதான் பார்த்தாள். கிளிப்பச்சை. கரை ஒரு முழம். ஜரிகை, லோரி முன்விளக்கு மாதிரி அடித்தது.

மாதவியின் முகம் சுருங்கியது. லோகேஸ்வரியின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. முந்தானையை இன்னும் இழுத்து அகலமாக விரித்தாள், கரையை உள்ளங்கையால் நீவிவிட்டாள், அந்தப் பச்சையை மாதவி நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை பேசாமல் நின்றாள். பிறகு அரக்குச் சேலையை எடுத்து அதன்மேல் பாதி மூடுகிற மாதிரி சாய்த்தாள். பச்சைக்குப் பக்கத்தில் அந்த அரக்கு, உள்ளே யாரோ விளக்குப் போட்டது போல எழுந்தது. மாதவி அதைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் கழித்து, தங்கச்சிக்கு அந்தப் பச்சையும் இருக்கட்டும் என்றார்.

மாதவி கண்ணாடிப் பக்கம் போனதும் ஷாமினி மேசைமேல் குனிந்தாள்.

"அக்கா, அந்தப் பச்சைய வேணும்னேவா எடுத்தீங்க?"

"இல்ல லா. கை தவறி வந்துருச்சி."

"அப்புறம் ஏன் மடிக்கல?"

"அவசரமா மடிச்சா, இந்தக் கடையில எல்லாமே தப்பாதான் வரும்னு ஒங்கம்மா மனசுல விழுந்துரும். விரிச்சது விரிச்சதுதான். பக்கத்துல என்ன வைக்கிறோம், அதுதான் வேல."

ஷாமினி அவளையே பார்த்தாள். பிறகு, கடை என்றும் பார்க்காமல் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நாலு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தான் என்றாள். தப்பான எந்தச் சுரத்துக்கும் அரைச் சுரம் மேலேயோ கீழேயோ சரியான சுரம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, தப்பை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைச் சாய்த்து வைக்க வேண்டியதுதான் பாக்கி என்றாள். பதினெட்டு வருடமாகச் செய்கிற வேலையைத் தன்னிடம் வந்து கற்றுக்கொள்கிறீர்களே என்று கோபம் வேறு பட்டாள்.

லோகேஸ்வரி லேசில் விழவில்லை. விற்கிறவளுக்கு எந்தச் சரக்கையும் தட்டிப் பார்த்துத்தான் பழக்கம்.

"சேல மேசையில கெடக்கும் ஷாமினி. சுரம் ஓடிருமே."

"ஓடாம இருக்கணும்னா அதையே திரும்ப வாசிங்க."

அதற்குள் மாதவி கண்ணாடி முன்னாலிருந்து கூப்பிட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

மூன்றாவது ஞாயிறு. கீழே தோசைக்கல்லில் நெய் புகைந்தது, மேலே முப்பது நாற்காலியும் நிறைந்துவிட்டன. திமோத்தி முதலில் ஏறி, போன வாரத்தையும் மிஞ்சினார். மூச்சுவிடும் இடம்கூடத் தெரியவில்லை. அவருடைய நாற்காலியில் வாய் திறந்து உட்காருகிற நோயாளிகள் குறுக்கே பேச மாட்டார்கள் அல்லவா, அந்தப் பழக்கம் வாசிப்பிலும் இருந்தது. கைதட்டல் நீண்டது. கேவின் தலையாட்டினான்.

அடுத்தது லோகேஸ்வரி. பாட்டை எல்லோருமாக வாசித்து முடித்தார்கள். அவள் முறை வந்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நேற்றுக் கற்ற பாடத்தை வைத்து அவள் ஒரு தந்திரம் செய்யப் பார்த்தாள். நாலாவது பாரில் வேண்டுமென்றே ஒரு தப்புச் சுரத்தைப் போட்டு, அதை அழகாகச் சரிசெய்து காட்டி, பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம். போட்டாள். ஆனால் எண்ணிக்கை ஒரு பார் தள்ளிவிட்டதால் கோர்டு மாறியிருந்தது, அந்தச் சுரம் அம்சமாகப் பொருந்திவிட்டது. தப்பு செய்யக்கூடத் துப்பில்லையா என்று அவளுக்கே ஒரு மாதிரியாகப் போயிற்று. அந்தக் குழப்பத்தில் விரல் வழுக்கி, யாரும் திட்டமிடாத அசல் தப்பு ஒன்று வெளியே வந்து விழுந்தது. நெரிசலில் யாருடைய காலையோ மிதித்த மாதிரி ஒரு சத்தம்.

முகம் கொதித்தது. உதடு ஊதுகுழலை விட்டுப் பிரியத் தொடங்கியது. வலது கையின் சுண்டு விரல் மேலே எழும்பிவிட்டது. முன் மேசையில் ஒருவர் பரிதாபப்படத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார்.

லோகேஸ்வரி அதே சுரத்தை மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை இன்னும் அழுத்தி, கரையை நீவுகிற மாதிரி நீட்டி. பியானோவில் ஷாமினியின் இடது கை சட்டென்று இடம் மாறி அந்தச் சுரத்துக்கு அடியில் எதையோ தாங்கலாக வைத்தது. மூன்றாவது தடவையும் வாசித்தாள், இரண்டாகப் பிளந்து. அதன்பிறகு ஒரே ஒரு விரலை மாற்றி அரைச் சுரம் கீழே இறங்கினாள்.

குழுவில் ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ் வாசிக்கிற சபாபதி எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர். கண்ணைத் திறந்து பார்த்தார்.

அதற்கப்புறம் தப்பே வரவில்லை என்று சொன்னால் பொய். இன்னும் ஐந்தாறு வந்தன. ஒன்றை அவளால் காப்பாற்ற முடியவில்லை, அது விழுந்த இடத்திலேயே கிடந்தது. மற்றவற்றை இரண்டு தடவை, மூன்று தடவை சொல்லி, பக்கத்தில் எதையாவது சாய்த்து, நகர்ந்துகொண்டே இருந்தாள். மூன்றாம் சுற்றில் அவளுக்கு ஒன்று புரிந்தது. அவள் எதையாவது திரும்பச் சொல்லும்போதெல்லாம் மற்ற மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு அவளைப் பிடிக்க வந்தார்கள். ஆள் ஒருத்தி தடுமாறினால்தானே கை நீட்ட முடியும்.

திடீரென்று கேவின் நாலு விரலைத் தூக்கிக் காட்டினான். நாலு பார் நான், நாலு பார் நீ என்று அர்த்தம். டிரம்ஸும் சாக்ஸபோனும் மாறி மாறிப் பேச வேண்டும், நடுவில் தாங்க யாரும் வர மாட்டார்கள். அவள் இதை மேடையில் செய்ததே இல்லை.

கேவின் எடுத்த எடுப்பிலேயே நாலு பாரையும் அடித்து நொறுக்கினான். கடைக்குள் வரும்போதே, பக்கத்துக் கடையில் இதைவிட நல்ல சரக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்களை லோகேஸ்வரிக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். அவர்களிடம் சத்தமாகப் பேசக் கூடாது. மூன்றே மூன்று சுரம் வாசித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். மீதி இரண்டரை பார் காலியாகக் கிடந்தது. மாடி முழுக்க ஒரு ஸ்பூன் சத்தம்கூட இல்லை. கேவின் கழுத்தை நீட்டி, குச்சியைக் காற்றிலேயே வைத்துக்கொண்டு, என்ன சொல்ல வருகிறாள் என்று காத்திருந்தான். தன் முறை வந்ததும் அவனும் மெதுவாகத்தான் பேசினான்.

அடுத்த முறை அவள் பொழிந்தாள். அதற்கு அடுத்ததில் எண்ணிக்கை தவறி இரண்டு தட்டுத் தாமதமாக நுழைந்தாள். கேவின் சிரித்துக்கொண்டே அந்த இரண்டு தட்டையும் தன் கணக்கில் அடித்து நிரப்பினான். கடைசியில் பாட்டின் மெட்டுக்கு எல்லோரும் திரும்பியபோது அவள் மட்டும் ஒரு மயிரிழை பிந்தினாள். யாரும் பொருட்படுத்தவில்லை. முன் மேசைக்காரர் வந்த தேத்தாரேயைத் தொடக்கூட இல்லை.

இடைவேளையில் கேவின் திமோத்தியையும் அவளையும் ஒன்றாகவே கூப்பிட்டான். ஒளித்துப் பேசுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"டாக்டர், ஒங்க அளவுக்கு வாசிக்கிற ஆள் எங்கள்ல யாருமில்ல. ஆனா ஒங்களுக்கு நாங்க தேவப்படல. இவங்களோட வாசிச்சா எங்களுக்கு வேல இருக்கு."

திமோத்தி ஒரு நிமிடம் தங்க முலாமைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு லோகேஸ்வரியிடம், அந்த மூன்று சுரத்துக்கப்புறம் நிறுத்தினீர்களே, வேண்டுமென்றுதானா என்று விசாரித்தார். ஆமாம் என்றாள். தனக்கு அது வரவே வராது என்றார், வருத்தத்தோடு, ஒரு மருத்துவர் தன் எக்ஸ்ரேயைத் தானே பார்ப்பதைப் போல.

லோகேஸ்வரி கீழே இறங்கி, பக்கத்துப் பூக்கடை ஒன்றின் முன்னால் நின்று பழனியப்பனுக்குப் போன் போட்டாள். எல்லா ஞாயிறும் இனி வேண்டும் என்ற செய்தியை அவர் எப்படி ஏற்றுக்கொண்டார் என்பதை அச்சிட முடியாது. கடையின் இரைச்சலுக்கு மேல் பதினைந்து நிமிடம் பேசினார்கள். முடிவில் ஞாயிறு இரண்டரை மணிக்குக் கிளம்பலாம் என்றானது. அதற்குப் பதிலாகத் திங்கட்கிழமைக் காலை விடுமுறை போயிற்று. தீபாவளிக்கு முந்தின இரண்டு ஞாயிறு கடை மூடுகிறவரை அசையக் கூடாது. அது அவளுக்கு வலித்தது, ஆனால் அவர் அதில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. வைக்கும்போது, நன்றாக வாசித்தாயா என்று கேட்டார். தப்பும் தவறுமாக வாசித்தேன் என்றாள். பின்னே எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவர் நிஜமாகவே குழம்பினார்.

மேலே வந்து கேவினிடம் சொன்னாள். அந்த இரண்டு ஞாயிறும் திமோத்தி நிற்கட்டும் என்று அவளே யோசனை சொல்ல, அவர் உடனே ஒத்துக்கொண்டார். நேரம் மட்டும் இழுபறியானது. இரண்டரைக்குக் கடையை விட்டுக் கிளம்பினால், ரயில் ஒழுங்காக ஓடினாலும் நாலு மணிக்கு மேடையில் நிற்க முடியாது, நாலரை என்றாள் அவள். வெளியே பலகையிலேயே நாலு என்று எழுதியிருக்கிறதே என்றான் கேவின். லோகேஸ்வரி பதில் சொல்லாமல் சாக்ஸபோனுக்குள் துணியை விட்டு நிதானமாக இழுத்தாள். சபாபதி கிள்ளானில் வளர்ந்தவர். அந்த மௌனத்தின் ஜாதகம் அவருக்குத் தெரியும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, மொத பாட்ட நாங்க மூணு பேரும் பாத்துக்கறோம்," என்றான் கேவின். "நாலேகால்."

இரண்டாம் பாதிக்கு நேரமாகிவிட்டது. லோகேஸ்வரி எங்கே நிற்பது என்று தெரியாமல் மேடையின் ஓரத்தில் நின்றாள். ஷாமினி பியானோவிலிருந்து கையை எடுக்காமலேயே காலால் ஒரு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி இடம் பண்ணினாள். கேவின் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னான். அவள் அதைக் கேட்டதே இல்லை. சபாபதியிடம் எந்தச் சுரத்தில் ஆரம்பம் என்று கேட்டாள், அவர் சொல்லி முடிப்பதற்குள் கேவின் குச்சிகளைத் தட்டி எண்ணத் தொடங்கிவிட்டான். பஸ்ஸைத் துரத்துகிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். லோகேஸ்வரி மூச்சை இழுத்து நிரப்பிக்கொண்டு ஊதினாள். முதல் சுரமே தப்பு. அதையே மறுபடி வாசித்தாள்.